டொயோட்டா: அந்தப் பெயர் எப்படி வந்தது?

நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிற்கும் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆளுக்கொரு கட்சி. மைலேஜ் என்பார் ஒருவர், சர்வீஸ் செலவு என்பார் இன்னொருவர், ஆறு ஏர்பேக் இருக்கிறதா என்று கேட்பார் மூன்றாமவர். டொயோட்டா என்ற பெயர் வந்தால் மட்டும் அநேகமாக எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள்: விலை அதிகம், ஆனால் வண்டி மக்கர் செய்யாது. ஊருக்குப் போக இன்னோவா பிடித்தால் ஓட்டுநரும் அதையேதான் சொல்வார். பழைய கார் விற்கும் இடத்தில் இன்னோவாவுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால், இந்த வண்டிக்கு வயசே ஆகாதோ என்று சந்தேகம் வரும்.

என்னைப்போல் பி.காம். படித்தவர்களுக்கு 'நற்பெயர்' என்றொரு கணக்கு நினைவிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கட்டடம், இயந்திரம் போலத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் தொழிலைக் கைமாற்றும்போது அதற்கும் ஒரு விலை உண்டு. பரீட்சையில் சில ஆண்டுகளின் சராசரி லாபத்தை எடுத்து, இரண்டாலோ மூன்றாலோ பெருக்கி, விடையின் கீழ் இரண்டு கோடு போட்டுவிட்டு வந்தோம். அந்தச் சொத்து எப்படிச் சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஓய்வு பெற்றபின் டொயோட்டாவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த விடுபட்ட பாடம் இதில் இருப்பதாகத் தோன்றியது. வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் 1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை தறியிலிருந்து தொடங்குகிறது. சகிச்சி டொயோடா என்பவர் 1867-இல் ஜப்பானின் ஷிசுவோகா பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா தச்சர். வீட்டிலும் ஊரிலும் பெண்கள் கைத்தறியில் பாடுபடுவதைப் பார்த்து வளர்ந்த பையன், அப்பாவிடம் கற்ற தச்சு வேலையைத் தறியைத் திருத்துவதில் செலவழித்தார். 1891-இல் ஒரு மரக் கைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு விசைத்தறி, பிறகு தானியங்கித் தறி என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே மூழ்கினார். 1924-இல் முழுமை பெற்ற அவருடைய 'ஜி வகை' தானியங்கித் தறிதான் குடும்பத்துக்குச் செல்வத்தைக் கொண்டுவந்தது.

அந்தத் தறியில் இரண்டு விசேஷங்கள். நாடாவில் ஊடை நூல் தீர்ந்தால், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே புது நாடா தானாக மாறிக்கொள்ளும். நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். இரண்டாவது விஷயம் பார்வைக்குச் சின்னது. ஆனால் நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் கெட்ட துணிதான் முழம் முழமாக வரும். அதைத் தடுக்கத் தறிக்கு ஓர் ஆளைக் காவல் நிறுத்த வேண்டும். தறியே நின்றுவிட்டால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ஓல்ட்ஹாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ் அன்று உலகப் புகழ்பெற்ற நெசவு இயந்திரக் கம்பெனி. அந்தக் கம்பெனி 1929-இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு இந்தத் தறியின் உரிமையை வாங்கியது. அதுவரை ஜப்பான்தான் லங்காஷயரிலிருந்து இயந்திரம் வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே சகிச்சி காலமானார்.

கார் ஆசை மகன் கிச்சிரோவுடையது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அன்று ஜப்பானில் கார் என்றால் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்தான். யோகோஹாமாவில் ஒருவர், ஒசாகாவில் ஒருவர் என்று பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டி விற்றார்கள். கிச்சிரோ 1933-இல் தறி ஆலைக்குள்ளேயே ஒரு கார் பிரிவைத் திறந்தார். ஒரு செவ்ரோலே காரை வாங்கி நட்டு நட்டாகக் கழற்றிப் பார்த்தார்கள். எஞ்சின் பிளாக் வார்ப்பதில் மட்டும் எத்தனையோ வார்ப்புகள் வீணாகின. 1935 நவம்பரில் ஜி1 என்ற லாரியை டோக்கியோவில் அறிமுகம் செய்தார்கள். வெளியீட்டுக்காக டோக்கியோவுக்கு ஓட்டிச் சென்றபோதே ஒரு லாரியின் ஸ்டீயரிங் பாகம் வழியில் உடைந்தது. விற்ற வண்டிகளும் அடிக்கடி நின்றன. இன்று 'கெடாத வண்டி' என்று நாம் சொல்லும் கம்பெனியின் முதல் சரக்கு இதுதான். பழுதான இடத்துக்கு ஆட்கள் ஓடினார்கள், குறையைக் குறித்துக்கொண்டு வந்தார்கள், அடுத்த வண்டியில் திருத்தினார்கள்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டொயோடா என்ற குடும்பப் பெயருக்கு வளமான நெல்வயல் என்று பொருள். 1936-இல் கம்பெனிச் சின்னத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள்; சுமார் 27,000 பேர் எழுதிப் போட்டார்கள். அதை ஒட்டித்தான் 'டொயோடா' என்பது 'டொயோட்டா' ஆனது. ஜப்பானிய எழுத்தில் புதிய பெயரை எட்டுக் கோடுகளில் எழுதிவிடலாம். எட்டு அங்கே ராசியான எண். பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைத்து அதிர்ஷ்டம் பார்ப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். 1937 ஆகஸ்டில் டொயோட்டா மோட்டார் கம்பெனி தனியாகப் பதிவானது.

போரைத் தாண்டி 1949-க்கு வருகிறேன். தோற்ற நாடு, கட்டுக்கடங்காத விலைவாசி. அதை அடக்க அமெரிக்கா ஜோசப் டாட்ஜ் என்ற வங்கியாளரை அனுப்பியது. அவர் டெட்ராய்ட் நகரத்து வங்கியின் தலைவர். உலகின் கார் தலைநகரத்திலிருந்து வந்தவரின் திட்டம் டொயோட்டாவை மூழ்கடிக்கப் பார்த்தது என்பது வேடிக்கை. அரசு செலவை வெட்டினார், மானியங்களைக் குறைத்தார், ஒரு டாலருக்கு 360 யென் என்று நிர்ணயித்தார். விலைவாசி அடங்கியது, ஆனால் கையில் பணமும் அடங்கிவிட்டது. லாரிகளைத் தவணையில் வாங்கியவர்களால் தவணை கட்ட முடியவில்லை. புதிதாக வாங்கவும் ஆளில்லை. இரும்பு விலை ஏறியது. கம்பெனியின் ஐந்தொகையில் வரவேண்டிய பாக்கியும் விற்காத சரக்கும் மலைபோல் சொத்தாக நின்றன. சம்பளம் போடக் காசு இல்லை. லாபநட்டக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. காகிதத்தில் சொத்துள்ள கம்பெனி ரொக்கம் இல்லாமல் சாவதை எந்த வங்கிக் கிளையிலும் பார்க்கலாம்.

ஜப்பானின் மைய வங்கித் தலைவர் இச்சிமாதா, கார் செய்யும் வேலையை அமெரிக்காவிடம் விட்டுவிடலாம், ஜப்பானுக்கு அது தேவையில்லை என்ற கருத்துள்ளவர். ஆனால் அதே மைய வங்கியின் நகோயா கிளைக்குக் கள நிலவரம் தெரியும். டொயோட்டா விழுந்தால் அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் வரிசையாக விழும். அந்த வட்டாரமே படுத்துவிடும். கிளை மேலாளர் 24 வங்கிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். 1949 கடைசியில் அவை சேர்ந்து கொடுத்த கடனில்தான் கம்பெனி அந்த வருடத்தைத் தாண்டியது. தலைமையகம் ஒன்று நினைக்க, கிளை மேலாளர் ஊர் நிலவரம் பார்த்து வேறு முடிவெடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும். கோப்பு தப்பாகப் போனால் கேள்வி அவரிடம்தான் வரும்.

கடன் சும்மா வரவில்லை. விற்பனையைப் பிரித்துத் தனிக் கம்பெனியாக்க வேண்டும். விற்பனைக் கம்பெனி விற்க முடியும் என்று சொல்லும் எண்ணிக்கைக்கு மேல் ஆலை ஒரு வண்டிகூடச் செய்யக் கூடாது. உபரி ஆட்களைக் குறைக்க வேண்டும். முதல் இரண்டும் எந்தக் கடன் அதிகாரியும் எழுதக்கூடிய நிபந்தனைகள், நியாயமானவை. மூன்றாவதுதான் கிச்சிரோவின் கழுத்தைப் பிடித்தது. காரணம், சில மாதங்களுக்கு முன்புதான் தொழிற்சங்கத்தோடு எழுத்து மூலம் ஓர் உடன்பாடு போட்டிருந்தார். தொழிலாளர்கள் சம்பளத்தில் பத்து சதவீதம் விட்டுக்கொடுப்பார்கள். பதிலுக்கு யாரையும் வேலையிலிருந்து அனுப்ப மாட்டோம். அவர்கள் சொன்னபடி விட்டுக்கொடுத்தார்கள்.

1950 ஏப்ரலில் விற்பனைக் கம்பெனி தனியாகப் பிரிந்தது. அதே மாதம் 1,600 பேரை விருப்ப ஓய்வில் அனுப்பும் திட்டம் வெளியானது. வேலைநிறுத்தம் இரண்டு மாதம் நடந்தது. முடிவில் போனவர்கள் 1,600 அல்ல, 2,000-க்கும் மேல். ஜூன் 5-ஆம் தேதி கிச்சிரோ தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்ற கணக்கு. அவர் போனதால் வேலை போனவர்களுக்கு வேலை திரும்பவில்லை என்பதும் உண்மை. அந்த இரண்டாயிரம் பேரை மேலாண்மைப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வங்கிக் கோப்பிலும் அவர்கள் ஒரு வரிதான். ஆனால் அதன்பின் டொயோட்டாவில் தொழிலாளியும் நிர்வாகமும் நடந்துகொண்ட விதத்தில், ஆளை வெளியே அனுப்பும் நிலைமை இன்னொரு முறை வரக் கூடாது என்ற பயம் எப்போதும் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் 25 அன்று கொரியாவில் போர் வெடித்தது. கிச்சிரோ விலகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அமெரிக்க ராணுவம் ஜூலையில் 1,000 லாரி கேட்டது. மொத்த ஆர்டர் 4,679 வரை போனது. கம்பெனி தலைநிமிர்ந்தது. டொயோட்டாவைத் தரம் காப்பாற்றியது என்று எழுதுபவர்கள் உண்டு. பேரேடு பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, அந்த ஆண்டு காப்பாற்றியது பக்கத்து நாட்டின் போர். பெயர் பிறகுதான் வந்தது. கிச்சிரோவுக்குப் பின் தலைவரான தைசோ இஷிடா தறிக் கம்பெனியை நடத்தியவர், பைசா விஷயத்தில் கெட்டி. இனி யாரிடமும் கடனுக்குக் கைகட்டி நிற்கக் கூடாது என்று ரொக்கத்தைச் சேர்த்தார். பிற்காலத்தில் 'டொயோட்டா வங்கி' என்று ஜப்பானியர் கிண்டல் செய்யும் அளவுக்குக் கையிருப்பு பெருகியது. கிச்சிரோவை மீண்டும் தலைவராக அழைக்க ஏற்பாடாகியிருந்த வேளையில், 1952 மார்ச்சில், அவர் 57 வயதில் இறந்துபோனார். தாம் கனவு கண்ட முழு ஜப்பானியக் குடும்பக் காரான கிரௌன் 1955-இல் வந்தபோது அவர் இல்லை.

கிச்சிரோவின் சித்தப்பா பிள்ளை எய்ஜி 1950-இல் அமெரிக்கா போய் ஃபோர்டு ஆலையைப் பார்த்தார். அங்கே ஒரு நாளைக்கு 8,000 வண்டிகள், டொயோட்டாவில் நாற்பது. அதே முறையைக் காப்பியடிக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆலைக்குள் வேறு வழி கண்டவர் தைச்சி ஓனோ. குடும்பத்தின் நூற்பாலையிலிருந்து கார் கம்பெனிக்கு வந்தவர். அவருடைய யோசனை எங்கள் வங்கிப் பாடத்துக்கு நேர் எதிர். நாங்கள் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்குவோம்; கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணுவோம்; மார்ஜின் கழித்துவிட்டு மீதிக்குக் கடன் அனுமதிப்போம். சரக்கு எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு கடன். ஓனோவோ கிடங்கில் கிடக்கும் சரக்கைச் சொத்து என்று ஒப்புக்கொள்ளவில்லை, வீண் என்றார். பணம் அதில் முடங்குகிறது, போதாதற்குக் குறையும் அதில் ஒளிந்துகொள்கிறது. ஆயிரம் பாகம் குவித்து வைத்தால், முதல் பாகத்தில் உள்ள கோளாறு ஆயிரமாவதை எடுக்கும்போதுதான் தெரியும்.

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்துப்போன அளவுக்கு மட்டும் அலமாரியில் திரும்ப அடுக்குகிறார்கள் அல்லவா, அதை ஆலைக்குக் கொண்டுவந்தார். அடுத்த கட்டத்தில் இருப்பவர் பாகத்தை எடுத்துக்கொண்டு ஓர் அட்டையைத் திருப்பி அனுப்புவார். அட்டை வந்தால்தான் முந்தைய கட்டத்தில் செய்வார்கள். அந்த அட்டைக்குத்தான் 'கான்பன்' என்று பெயர். நம் குடியிருப்பில் மென்பொருள் துறையில் இருக்கும் இளைஞர்கள் கான்பன் போர்டு என்று கணினியில் நகர்த்துவது இந்த அட்டையின் பேரப்பிள்ளைதான். 'விற்கும் அளவுக்கு மேல் செய்யாதே' என்று வங்கிகள் 1950-இல் போட்ட நிபந்தனை, ஆலைக்குள் ஒரு பழக்கமாகவே மாறிவிட்டது போலத் தெரிகிறது எனக்கு. இதில் ஆபத்தும் உண்டு. 1997 பிப்ரவரி 1 அன்று பிரேக் வால்வு செய்து கொடுத்த ஐசின் ஆலை தீப்பிடித்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டாவின் ஆலைகள் வரிசையாக நின்றன. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் கம்பெனி உட்படப் பலர் வால்வு செய்து கொடுக்க முன்வந்து, சில நாட்களில் ஓட்டம் திரும்பியது.

ஓனோ தறியையும் மறக்கவில்லை. கார் பூட்டும் வரிசையின் நெடுக ஒரு கயிறு கட்டினார்கள். கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். மற்ற கார் ஆலைகளில் வரிசையை நிறுத்துவது குற்றம் மாதிரி. தப்பைக் கடைசியில் ஒரு பட்டறையில் வைத்துச் சரிசெய்துகொள்வார்கள். இங்கே சாதாரணத் தொழிலாளிக்கு அந்த அதிகாரம். வங்கியில் ஒரு கிளார்க் வவுச்சரில் தவறு கண்டு கவுன்டரை நிறுத்தினால் மேலாளர் நன்றி சொல்வாரா என்று நினைத்துப் பாருங்கள்.

பெயர் உடனே வந்துவிடவில்லை. 1957-இல் அமெரிக்காவில் கடை திறந்து, டொயோபெட் கிரௌன் என்ற பெயரில் விற்றார்கள். ஜப்பானின் கரடுமுரடான சாலைக்காகக் கட்டிய கனமான வண்டி. அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்தில் எஞ்சின் சூடாகித் திணறியது. 1958-இல் அங்கே மொத்தம் விற்றது 287 கிரௌனும் ஒரே ஒரு லேண்ட் குரூஸரும். 1960-இல் அந்தக் கார் ஏற்றுமதியை நிறுத்திவிட்டு, லேண்ட் குரூஸரை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நஷ்டத்தோடு பிடிவாதமாக விற்றுக்கொண்டிருந்தால் பெயர் கெட்டே போயிருக்கும். 1965-இல் திருத்திய கொரோனாவோடு திரும்பிப் போனார்கள். 1966-இல் ஜப்பானில் கொரோலா வந்தது. 1975-இல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் வெளிநாட்டுக் கார் என்ற இடத்தை ஃபோக்ஸ்வேகனிடமிருந்து டொயோட்டா பிடித்தது. இடையில் வந்த பெட்ரோல் நெருக்கடி சின்ன எஞ்சின் கார்களுக்குக் கை கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

பாலைவனத்திலும் காட்டிலும் பெயர் வாங்கிக் கொடுத்தவை லேண்ட் குரூஸரும் ஹைலக்ஸும். 1987-இல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுப் படை இந்த வண்டிகளில் ஆயுதங்களைப் பூட்டிக்கொண்டு லிபியாவின் டாங்கிகளை விரட்டியடித்தது. அந்தச் சண்டைக்கே 'டொயோட்டா போர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. எந்தக் கம்பெனியும் கேட்டு வாங்கும் விளம்பரம் இல்லை, ஆனாலும் விளம்பரம்தான்.

எனக்குப் பிடித்த இன்னொரு சம்பவம் 1989-இல் நடந்தது. லெக்ஸஸ் என்ற விலை உயர்ந்த காரை அமெரிக்காவில் அறிமுகம் செய்த சில மாதங்களில் கோளாறு தெரிந்தது: பின்பக்க பிரேக் விளக்கு சூடாவது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒழுங்காக விடுபடாதது. வந்த புகார்கள் மிகக் குறைவு. விற்றிருந்த சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். வாடிக்கையாளரைக் கடைக்கு வரச் சொல்லாமல் வீட்டுக்கே போய் வண்டியை எடுத்துவந்து, சரிசெய்து, கழுவி, டாங்கில் பெட்ரோல் நிரப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். குறை இருந்த புதுக் கம்பெனிக்கு அதனாலேயே பெயர் ஏறியது.

நம் நாட்டில் டொயோட்டா முதலில் வந்தது எண்பதுகளில், டி.சி.எம். டொயோட்டா என்ற பெயரில், சிறிய லாரிகளோடு. அது நிலைக்கவில்லை. கிர்லோஸ்கர் குழுமத்தோடு சேர்ந்து பெங்களூருக்கு அருகே பிடதியில் ஆலை போட்டு, 2000-இல் குவாலிஸைக் கொண்டுவந்தார்கள். தோற்றம் பழசு என்று பத்திரிகைகள் முகம் சுளித்தன. கால் சென்டர் ஷிஃப்டுக்கும் திருப்பதி பயணத்துக்கும் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்த ஜனங்கள் முகம் சுளிக்கவில்லை. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005-இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். ஓடுகிற குதிரையை யாராவது லாயத்தில் கட்டுவார்களா என்று அப்போது பலர் கேட்டார்கள். எல்லாம் ஜெயித்ததாகவும் சொல்ல முடியாது; நடுத்தரக் குடும்பத்தைக் குறிவைத்து 2010-இல் வந்த எட்டியோஸ் கடைசியில் டாக்ஸியாகத்தான் அதிகம் ஓடியது. நற்பெயரின் விலையை நேரில் பார்க்க வேண்டுமானால் கிளான்ஸாவைப் பாருங்கள். 2019 முதல் விற்கும் அந்தக் கார் அடிப்படையில் மாருதியின் பலேனோ. முன்னால் இருக்கும் சின்னம் வேறு. அந்தச் சின்னத்துக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பரீட்சையில் இரண்டால் பெருக்கியது இதைத்தான்.

அந்தச் சொத்து கரைந்த கதையும் இருக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து உலகத்தில் முதலிடம் என்ற இலக்கை நோக்கி ஆலை மேல் ஆலை திறந்தார்கள். 2008-இல் ஜெனரல் மோட்டார்ஸை முந்தினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில், கட்டுப்படாமல் வேகமெடுத்த வண்டிகளின் விபத்துகள் தலைப்புச் செய்தியாயின. மனிதர்கள் இறந்தார்கள். தரைவிரிப்பு ஆக்ஸிலரேட்டரில் சிக்கியது, சில பெடல்கள் மிதித்த இடத்திலிருந்து மீளத் தாமதித்தன. உலகம் முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. கிச்சிரோவின் பேரன் அக்கியோ டொயோடா தலைவராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். பாதுகாப்பு முதல், தரம் இரண்டாவது, எண்ணிக்கை மூன்றாவது என்ற எங்கள் வரிசை குழம்பிவிட்டது, வளர்ச்சியின் வேகம் அதிகமாகிவிட்டது என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். எலக்ட்ரானிக் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று நாசாவின் உதவியோடு நடந்த ஆய்வு 2011-இல் சொன்னது. அது கம்பெனிக்குச் சாதகம். ஆனால் 2014-இல் அமெரிக்க அரசோடு 120 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டபோது எழுந்த குற்றச்சாட்டு வேறு: தெரிந்த குறையை மறைத்து, மக்களைத் தவறாக நம்பவைத்தது. தொழிலாளிக்குக் கயிறு கட்டிக்கொடுத்த கம்பெனியில் மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுக்கவில்லை.

அதற்குப் பிறகும் டொயோட்டா உலகில் முதலிடத்தில்தான் இருக்கிறது. 2023-இல் குழுமம் விற்ற வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டின. அதே ஆண்டு டிசம்பரில், அதன் முழு உரிமையில் உள்ள டைஹாட்சு கம்பெனி பாதுகாப்புச் சோதனைகளில் தில்லுமுல்லு செய்திருப்பதாக விசாரணைக் குழு சொன்னது. 64 மாடல்கள், மிகப் பழையது 1989-ஐச் சேர்ந்தது. அனுப்புதல் முழுவதும் நிறுத்தப்பட்டது. நெருக்கடியான காலக்கெடு, 'முடியாது' என்று மேலே சொல்ல முடியாத சூழ்நிலை என்று காரணம் எழுதியிருந்தார்கள். வருடக் கடைசியில் டெபாசிட் இலக்கை எட்டச் சொல்லி நெருக்கிய நாட்களில் வங்கிகளில் இருந்தவர்களுக்கு இந்தச் சூழ்நிலையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த செய்தி ஒரு மாதத்தில், 2024 ஜனவரியில் வந்தது. டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் செய்து கொடுக்கும் மூன்று டீசல் எஞ்சின்களுக்குக் குதிரைசக்தி சான்றிதழ் வாங்கும்போது, விற்பனை வண்டியில் இல்லாத வேறு மென்பொருளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஏற்ற இறக்கம் தெரியாமல் எண்கள் வழவழப்பாக வருவதற்காக. வண்டிகளை ஓட்டுவதில் ஆபத்தில்லை, நிறுத்தத் தேவையில்லை என்று கம்பெனி அறிவித்தது. பத்து மாடல்களில் அந்த எஞ்சின்கள் இருந்தன. பிடதியிலிருந்து வெளியேறும் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் ஆகியவையும் அதில் அடக்கம் என்பதால் இந்தியாவிலும் அனுப்புதல் சில நாட்கள் நிறுத்தப்பட்டு, பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது.

டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் என்பது இப்போதைய பெயர். நூல் அறுந்தால் நிற்கும் தறியைச் செய்து விற்பதற்காக சகிச்சி 1926-இல் தொடங்கிய தறி ஆலைதான் அது.